எட்டடி தூரத்துக்கு ஒரு தூது

எங்கள் ஈரோட்டு வீட்டில் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே எட்டடி தூரம் இருக்கலாம். நான் அளந்து பார்த்ததில்லை. ஆனால் அந்த எட்டடியை ஒரு நாளைக்கு இருபது தடவை நடந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். என் மகள் தாரணி. அப்போது அவளுக்கு நான்கு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

அன்று காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். முன்னறையில் இவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். தாரணி இரண்டு அறைக்கும் நடுவில் நிலைப்படியில் நின்றாள். அந்த நாட்களில் அதுதான் அவள் நிற்கும் இடம்.

"அப்பாகிட்டச் சொல்லு கண்ணு, தோசை ஆறிட்டு இருக்குதுன்னு. ஓணும்னா வந்து திங்கச் சொல்லு."

அவள் போனாள். தற்செயலாக அவள் பின்னாலேயே நானும் உப்பு டப்பாவைத் தேடி நிலைப்படி வரை வந்துவிட்டேன். அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"அப்பா, அம்மா உங்களுக்குன்னு மொறுமொறுன்னு ஊத்தி வெச்சிருக்குதுங்க. சூட்டோட வருவீங்களாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொன்னதில் பாசமும் இல்லை, மொறுமொறுப்பும் இல்லை. இவர் எழுந்து வந்து பேசாமல் நான்கு தோசை சாப்பிட்டார். கை கழுவப் போன பிறகு தாரணி என்னிடம் வந்து, "அப்பாவுக்குச் சட்னி புடிச்சிருந்துச்சாம்" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இவர் சட்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படியானால் இத்தனை நாளாக எங்கள் இருவருக்கும் வந்து சேர்ந்த செய்திகளில் எது யாருடையது என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பேச்சு நின்ற கதை

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு நூல் மில்லில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். நூலைச் சுற்றியெடுத்து எடை பார்த்து, கவுன்ட், அதாவது நூலின் பருமன், சரியாக இருக்கிறதா, எத்தனை இழுப்புக்குத் தாங்கும் என்று சொல்கிற வேலை. குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு பெருந்துறையில் ஒரு கம்பெனியில் லேபுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். கூப்பிட்டார்கள், போய்ப் பேசினேன், வரச் சொல்லிவிட்டார்கள். இவரிடம் சொன்னபோது "பார்க்கலாம்" என்றார். இவர் அகராதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது.

அந்த வாரமே இவருடைய அண்ணன் தொண்டாமுத்தூரிலிருந்து வந்தார். வாயில் வெற்றிலையோடு, "ஏந்தம்பி, புள்ள வேலைக்குப் போகுதாமா?" என்று கேட்டார். காபி டம்ளர்களோடு நான் அங்கேதான் நின்றிருந்தேன். கேள்வி என்னைப் பற்றியது, கேட்டது இவரிடம்.

"அவளுக்கு அதுல இஷ்டமில்லீங்கண்ணா. புள்ளைய உட்டுப்போட்டு எங்க போறா."

டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனேன். விருந்தாளி முன்னால் மறுத்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மரியாதை என்று ஒன்று எங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அண்ணன் போன பிறகாவது கத்தியிருக்கலாம். அதையும் செய்யாமல் பேச்சை நிறுத்தினேன். இவரும் நிறுத்தினார். என்னுடைய கோபம் கொஞ்சம் நாட்பட்ட கோபம், சீக்கிரம் ஆறாது. இவருடையது அதற்கு மேல்.

இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு போன் இருந்தது. ஒரு வரி தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்களில் புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருந்தால் செய்தி குழந்தை வழியாகத்தான் போக வேண்டும் என்று யாரோ சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். "உங்கப்பாகிட்டச் சொல்லு", "உங்கம்மாகிட்டக் கேளு". நானும் சின்ன வயதில் இந்த உத்தியோகம் பார்த்தவள்தான்.

நான் தூது போன காலம்

என் அப்பா மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்றால் மாசக்கணக்கில் நிற்கும். நான் நடுவில் ஓடுவேன். "அப்பா, அம்மா உங்களச் சாப்புட வரச் சொல்லுச்சு." "அம்மா, அப்பா பசியில்லீன்னு சொல்லச் சொன்னாங்க." அம்மா சொன்னது எப்படியோ அப்படியே போய்ச் சேரும். அதைக் கேட்டால் அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்று நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பேச்சே அப்படி. சாப்பிடு, படி, பல் தேய், சத்தம் போடாதே. அம்மா கெட்டவள் இல்லை, எங்களுக்காக உழைத்து ஓடாய்த் தேய்ந்தவள். ஆனால் "எனக்கு இன்னிக்கு வருத்தமா இருக்குது" என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவளுக்குள் வருத்தம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குப் பதினைந்து வயதுக்கு மேல்தான் தெரியும். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, வயிற்று வலியா என்று கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அப்படிப்பட்ட எனக்குப் பிறந்தவள் செய்தியைத் திருத்தி எழுதுகிறாள் என்றால் அந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தேன். இவரிடமிருந்துதான் என்று புரிந்தபோது எனக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று.

யானைக்கு என்ன தெரியும்

இவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், கடை வைத்திருக்கிறார். என்னிடம் பேசுவது குறைவு. ஆனால் குழந்தையிடம் மட்டும் ஓயாமல் பேசுவார், அதுவும் விசித்திரமான பேச்சு.

அவள் தவழ்ந்து எழுந்து நடக்கும் வயதில் விழுந்தால், நான் எல்லா அம்மாவையும் போலத் தரையை ஓங்கி அடிப்பேன். "எஞ்சாமிய அடிச்சியா? இந்தா வாங்கிக்க" என்று தரைக்கு நாலு அறை. அவளும் சேர்ந்து அடித்து அழுகையை நிறுத்துவாள். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தரை பாவம் கண்ணு. நீ ஓடி வந்தது அதுக்குத் தெரியவே தெரியாது" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். தரைக்கு வக்கீல் ஒருத்தர்.

ஒரு தடவை தொண்டாமுத்தூரில் இவர் அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தோம். முதல் நாள் யானை வந்து வாழையைத் துவம்சம் செய்துவிட்டுப் போயிருந்தது. வேலைக்கு வந்தவர்கள், "பெரியவரு வந்துட்டுப் போயிட்டாருங்க" என்றார்கள், சொந்தக்காரர் வந்துபோன மாதிரி. சேற்றில் பதிந்த கால் தடத்தில் தண்ணீர் நின்றது. இவர் அதன் பக்கத்தில் குழந்தையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அது எதுக்குக் கண்ணு இங்க வந்துச்சு?"

"பசிக்குதுன்னு."

"இங்க வாழை இருக்கறது அதுக்கு எப்படித் தெரியும்?"

அவள் யோசித்தாள். "முன்னாடி வந்து தின்னுச்சுல்லங்க, அப்பப் பாத்துச்சு."

"செரி, நாம இன்னிக்கு மிச்ச வாழையெல்லாம் வெட்டிப்போட்டோம்னு வெச்சுக்க. நாளைக்கு வருமா வராதா?"

"வரும்" என்றாள் உடனே. "வெட்டுனது அதுக்குத் தெரியாதில்லீங்கப்பா."

இவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, பேச்சு நின்ற அந்த நாட்களில் அதை நினைத்தபோது பற்றிக்கொண்டு வந்தது. காட்டு யானைக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உட்கார்ந்து விசாரிக்கத் தெரிந்த மனிதருக்கு, காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றவளைப் பார்த்து உனக்கு இஷ்டமா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை

கம்பெனியில் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். வருவது உறுதியா என்று சனிக்கிழமைக்குள் போனில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் தாரணியைக் கூப்பிட்டேன்.

"மாடிக்குப் போய் அப்பாகிட்டச் சொல்லு. அம்மா திங்கக்கிழமையிலிருந்து வேலைக்குப் போறாங்க, முடிவு பண்ணியாச்சுன்னு சொல்லு."

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். நான் அடுப்புப் பக்கமே போகாமல் கீழேயே நின்றேன். வரும்போது குதித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா செரின்னுட்டாங்கம்மா. நல்லபடியாப் போய்ட்டு வருவீங்களாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோசையும் சட்னியும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன், சிரித்தேன், கம்பெனிக்கு அப்போதே போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்ஸிடமும் பேசி முடித்தேன். எல்லாம் அரை மணி நேரத்தில் ஆயிற்று.

அடுத்த இரண்டு நாளும் வீடு அத்தனை நன்றாக இருந்தது. சனிக்கிழமை இவர் கடையிலிருந்து வரும்போது எனக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கி வந்து மேஜையில் வைத்தார். நான் இவர் சட்டைகளையும் சேர்த்துத் தேய்த்து வைத்தேன். "காபி?" என்று கேட்டேன். "ம்" என்றார். எங்கள் கணக்குக்கு அது பெரிய உரையாடல்.

வேலையைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. இவர் விட்டுக்கொடுத்துவிட்டார், அதைப் போய்ப் பேசினால் குத்திக் காட்டின மாதிரி ஆகிவிடும் என்று நான் நினைத்தேன். ஜெயித்தவர் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் மரியாதை. அதே மரியாதையை இவரும் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார் என்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது.

ஒரு கால் ஷூவோடு

கம்பெனி பஸ் ஏழே முக்காலுக்குத் தெருமுனையில் வரும். நான் சேலை கட்டி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்தேன். தாரணி தரையில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டு வந்த இவர் என்னைப் பார்த்து நின்றார்.

"ஏனம்மணி, எங்க கெளம்பீட்ட?"

"வேலைக்குத்தானுங்க. நீங்கதான நல்லபடியாப் போய்ட்டு வரச் சொன்னீங்க?"

"நானா? போகலீன்னு நீதான சொல்லி உட்ட? அண்ணனுக்குக்கூடப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தோம். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் சாக்ஸ் மட்டும்.

"அம்மா உங்கிட்ட என்ன சொல்லுச்சு?" என்று இவர் கேட்டார்.

"வேலைக்குப் போறாங்கன்னு."

"அப்பறம் எங்கிட்ட ஏன் போகலீன்னு சொன்ன?"

"உங்களுக்கு அதான புடிக்கும்."

"செரி. அம்மாகிட்ட?"

"அம்மாவுக்குப் போறதுதான் புடிக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "இந்த வயசுலயே பொய் சொல்லக் கத்துக்கிட்டயா நீ" என்று கையை ஓங்கிவிட்டேன். அவள் கண்ணை இறுக்கி மூடினாள். ஓங்கிய கை இறங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசாத பேச்சை இவள்தான் இத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்கு உறைத்தது. கையைக் கீழே போட்டேன்.

இவர் செருப்பு ஸ்டாண்டின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் என்னிடம் கேட்டார்.

"உனக்கு என்ன ஓணும்?"

"எனக்குப் போகோணுங்க. படிச்சதெல்லாம் மறந்து போயிருமோன்னு பயமா இருக்குது. அன்னிக்கு நான் அங்கதான நின்னுட்டிருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

"கேட்டிருக்கோணும்" என்றார். "எனக்கு, மத்தியானம் சோத்துக்கு வர்றப்ப நீ இல்லாத ஊட்டுக்குள்ள எப்படி வர்றதுன்னு இருந்துச்சு. அத அண்ணன் முன்னாடி எப்படிச் சொல்றது? அதான் உம்மேல போட்டுட்டேன்."

ஆறு வருஷத்தில் இவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். பஸ் போய்விட்டது. தாரணியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இவரே வண்டியில் பெருந்துறை வரை கொண்டுவந்து விட்டார். முதல் நாளே முக்கால் மணி நேரம் தாமதம். லேப் மேனேஜர் முறைத்தார்.

விவரமான பிள்ளை

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது என் மகள் கொண்டுவந்த செய்தி மாதிரி ஆகிவிடும். பல மாதங்களுக்கு அவள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தால் ஓடி வருவாள். "அம்மா, இப்பக் கோவமா?" இவர் போனில் குரலை உயர்த்தினால் விளையாட்டை நிறுத்திவிடுவாள்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள். "உங்க புள்ள ரொம்ப விவரமுங்க. நாம நெனைக்கறதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்குது" என்பார் எதிர்வீட்டு அக்கா. யானைக்கு என்ன தெரியும் என்று அவள் யோசித்தது ஆசையால். எங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று யோசித்தது பயத்தால். இரண்டாலும் புத்தி வளர்ந்திருக்கும்தான். ஆனாலும் நான் கொடுத்தது இரண்டாவது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் வாய்விட்டுச் சொல்லப் பழகினோம். ஆரம்பத்தில் நாடகம் மாதிரி இருந்தது. "எனக்கு இன்னிக்கு எரிச்சலா இருக்குது கண்ணு. உன்னால இல்ல, லேப்ல மெஷின் மக்கர் பண்ணுது." "அப்பாவுக்கு இன்னிக்கு ஒருத்தர் மேல கோவம். அம்மா மேல இல்ல." சொல்லும்போது நாக்கு சுளுக்கிக்கொள்ளும். என் அம்மா கேட்டிருந்தால், இவளுக்கு என்ன கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைத்திருப்பாள். மெல்ல மெல்லத் தாரணி எங்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டாள். நிலைப்படியில் நிற்பதையும் விட்டாள்.

அவள் சொன்னது

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளைப் பற்றி எழுதுவதால், வார இதழுக்கு அனுப்பும் முன்னால் இதுவரை எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். கடைசிப் பக்கத்தை வைத்துவிட்டு, "சனிக்கிழமை நடந்தது இதுல இல்லீங்களேம்மா" என்றாள்.

"அதான் எழுதியிருக்கேனே. தேங்காய் பன் வாங்கிட்டு வந்தது."

"அதில்லீங்க. நான் அப்பாகிட்ட நெசத்தச் சொல்லிரலாம்னு வெளிய போனேன். அப்பா பாட்டுப் பாடிட்டே வண்டி கழுவிட்டிருந்தாங்க. செரி, உங்ககிட்டயாவது சொல்லலாம்னு உள்ள வந்தேன். நீங்க சேலைய மேல வெச்சுக் கண்ணாடியில பாத்துச் சிரிச்சிட்டிருந்தீங்க. திரும்பிட்டேன்."

எட்டு வருஷமாக எனக்குத் தெரியாத விஷயம். வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை அவள் நிம்மதியாக விளையாடிக்கொண்டிருந்தாள் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

"பயமா இருந்துச்சா சாமி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பயமில்லீங்கம்மா. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. அது நெசமில்லீன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். ஊட்டுல யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு."

அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன். இவர் ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே இவரிடம் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கிரீஸ் கையைக்கூடத் துடைக்காமல், எழுந்து அவளிடம் போனார்.